கச்சான் காலத்துக் குறிப்புகள்

ஆவணி. கச்சான் காற்று அடித்துக்கொண்டே இருக்கிறது. மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தில் நின்றால் வாவிக்கு அப்பால், படுவான்கரைப் பக்கம் புகை. அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் எரிகிறதா, மேய்ச்சல் தரையில் இலுக்குப் புல் பற்றிவிட்டதா? தேநீர்க்கடையில் இரண்டு கட்சி.

*

நாசாவின் தீ வரைபடத்தைக் கைப்பேசியில் திறந்தேன். மூன்று சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் 375 மீற்றர் சதுரம். அதற்குள் எங்கோ சூடு, அவ்வளவுதான். வைக்கோலா காடா என்று புள்ளி சொல்லாது. அதுவும் செய்மதி பகல் ஒன்றரை மணிவாக்கில் கடந்தபோது கண்டது. நான் பார்க்கிறபோது மணி ஐந்து. அதுவரை கச்சான் சும்மாவா இருந்திருக்கும்?

*

செய்மதியின் புள்ளி போதாதென்று அமெரிக்க வனச்சேவை தீயைப் படமெடுக்க, பெரும்பாலும் இரவில், விமானம் அனுப்புகிறது. ஏன் இரவு? பகலில் வெயில் குடித்த பாறையும் மண்ணும் அகச்சிவப்புக் கருவிக்குச் சூடாகவே தெரியும். இரவில் அவை ஆறிவிட, தணல் மட்டும் தனித்து நிற்கும். புகையும் அந்தக் கருவிக்குப் பெரிய மறைப்பில்லை. தீயின் விளிம்பு எதுவரை வந்தது என்ற வரைபடம் விடியுமுன் தீயணைப்பவர்கள் கையில்.

அந்த வேலைக்குப் பறந்தவற்றில் ஒன்று பீச்கிராஃப்ட் கிங் ஏர் பி200. அதே ரகம் இலங்கை விமானப்படையிடமும் உண்டு, கடலைப் பார்க்க!

*

கடல் என்றதும் நினைவு வருவது 'நியூ டயமண்ட்'. 2020 செப்டெம்பர் 3. குவைத்திலிருந்து பரதீப்புக்கு சுமார் 2,70,000 தொன் மசகு எண்ணெயோடு போன கப்பல், சங்கமன்கண்டிக்குக் கிழக்கே 38 கடல் மைலில் தீப்பிடித்தது. 23 பேரில் ஒருவர் இறந்தார். எம்ஐ-17 ஹெலிகொப்டர் மேலிருந்து நீர் கொட்டியது. அணைந்தது என்று மூச்சுவிட்டபின் 7ஆம் திகதி மறுபடி பற்றியது. கசிந்த டீசல் படலத்தின் மேல் இந்தியக் கரையோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் எண்ணெயைச் சிதறடிக்கும் மருந்து தெளித்தது. கப்பல் தளத்தில் நிற்பவனுக்குப் படலம் வெறும் மினுமினுப்பு; அதன் ஓரம் தெரிய வானத்தில் இருக்க வேண்டும்.

*

படுவான்கரை மாட்டுப் பட்டிக்காரருக்காக யாரும் கிங் ஏர் பறக்கவிடப் போவதில்லை. கேட்கவும் மாட்டேன். பிரதேச செயலகத்துக்கு ஒன்றாக, வெப்பக் கமெரா பூட்டிய ட்ரோன் போதும். அதை ஓட்டத் தெரிந்த ஒருவர், கச்சான் மாதங்களிலாவது.

*

அதுவரை, புகை கண்டால் முகநூலில் படம் போடுமுன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். "அங்கால புகையுது" என்று நிறுத்தாமல் எந்த வட்டை, எந்தக் குளத்தடி என்றும் சொல்லுங்கள்.