ஜெர்கின் வேண்டாம்

இங்கிலாந்தில் முதுகலை படிக்கும்போது, மாணவர் விசாவில் பாடம் நடக்கிற நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். என்னோடு படித்த நம்மூர்ப் பையன்களில் சிலர் கிடங்குகளுக்குப் போனார்கள், சிலர் பராமரிப்பு வேலைக்கு வந்தோம். எனக்குக் கிடைத்தது சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வீடு. அறிவுசார் குறைபாடு உள்ள நான்கு பேர், எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள், அங்கே ஒன்றாக வசித்தார்கள். வாசலில் போர்டு கிடையாது. ஆஸ்பத்திரி வாசனை கிடையாது. ஹாலில் ரிமோட்டுக்குச் சண்டை மட்டும் தினமும் உண்டு.

வேலையில் பாதி உடம்பு சம்பந்தப்பட்டது. குளியல் தொட்டித் தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்க்க வேண்டும். 44 டிகிரியைத் தாண்டக் கூடாது. உள்ளே உட்காரப் போகிறவருக்குச் 'சுடுது' என்று சொல்லத் தெரியாமல் இருக்கலாம். விழுங்கச் சிரமப்படுகிறவரின் டீயில் கெட்டிப்படுத்தும் மாவைக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் டீ மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். மாத்திரை கொடுத்த கையோடு அட்டவணையில் கையெழுத்து. இதெல்லாம் சில வாரங்களில் பழகிவிடும். மீதிப் பாதிதான் கஷ்டம். அது, ஒவ்வொன்றையும் அவர்களிடம் கேட்பது.

அங்கே 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தொடக்கத்திலேயே ஐந்து கோட்பாடுகள். அதில் ஒன்றை, பயிற்சியின்போது திரும்பத் திரும்பப் படித்தேன். ஒருவர் புத்திசாலித்தனமில்லாத முடிவை எடுக்கிறார் என்பதாலேயே அவருக்கு முடிவெடுக்கத் தெரியாது என்று நினைக்கக் கூடாது. பணக் கணக்கைப் புரிந்துகொள்ள முடியாதவருக்கும் எந்தச் சட்டை வேண்டும் என்று தெரிந்திருக்கலாம். ஒவ்வொரு முடிவையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் இந்த உரிமை யாருக்குமே கிடையாது. இன்ஜினியரிங் சேரும்போது எனக்கே கிடையாது.

அந்த வீட்டில் ஐம்பது வயதைக் கடந்த ஒருவர் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன். பேச்சு அதிகம் வராது. டபுள் டெக்கர் பஸ்ஸின் மாடியில், முன்சீட்டில் உட்கார்ந்து கடைசி ஸ்டாப் வரை போய்த் திரும்புவதுதான் அவருடைய சந்தோஷம். ஒரு ஜனவரிக் காலையில் ஜெர்கினைத் தள்ளிவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். சீனியர் அம்மாவைப் பார்த்தேன். "நீ எடுத்துக்கிட்டுப் போ. பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி கேளு," என்கிற அர்த்தத்தில் சொன்னார். ஒரு பெரிய மனிதரின் ஜெர்கினைக் கையில் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். வழியில் போன ஒரு பாட்டி என்னை முறைத்தார். மூன்றாவது தடவை கேட்டபோது அவராகவே கையை நீட்டினார்.

அன்றிரவு குறிப்பு நோட்டை எழுதும்போது மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், போட்டுவிட்டேன், கூட்டிக்கொண்டு போனேன். எல்லா வாக்கியத்திலும் நான்தான் இருந்தேன். நோட்டில் எழுத வேண்டியதோ, அவர் என்ன செய்தார் என்பதை.

எங்கள் சித்தப்பாவுக்கு டவுன் சிண்ட்ரோம். ஆச்சி இறந்த பிறகு அம்மாதான் பார்த்துக்கொள்கிறாள். அங்கிருந்து ஒருநாள் போனில் கேட்டேன், சித்தப்பாவுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று. "தம்பிக்கு என்னடா தெரியும்? எதப் போட்டுவிட்டாலும் போட்டுக்கிடும்." அம்மா பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக அவரைக் குளிப்பாட்டிக் குளிப்பாட்டி மணிக்கட்டு வலியோடு இருக்கிறவளிடம் ஐந்து கோட்பாடுகளைப் பேச எனக்கு வாய் வரவில்லை.

அந்த வீட்டை உயர்த்திப் பேசவும் முடியாது. சம்பளம் குறைவு, ஆட்கள் வருவார்கள், போவார்கள். படிப்பு முடிந்ததும் சாப்ட்வேர் வேலை கிடைத்து நானும் கிளம்பினேன். அந்த பஸ் பிரியர், தன் ஜெர்கினைத் தூக்கிக்கொண்டு நடந்த எத்தனையாவது ஆளை வழியனுப்பினாரோ. அங்கே கேட்கிறார்கள், ஆனால் கேட்கிறவர் நிலைப்பதில்லை. இங்கே கடைசி வரை கூட இருக்கிறார்கள், ஆனால் கேட்பதில்லை. நம்மூரிலும் 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பாதுகாவலரும் அவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் 'எங்களுக்கு அப்புறம் யாரு?' என்று தூக்கமில்லாமல் கிடக்கிற வீடுகளுக்குச் சட்டம் மட்டும் போதாது. கேட்கவும் வேண்டும், இருக்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே ஆள்மேல் ஏற்றினால் அந்த ஆள் என் அம்மா மாதிரி தேய்ந்துபோவார்.

போன தீபாவளிக்கு இரண்டு சட்டை வாங்கிப் போனேன், ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். கட்டிலில் விரித்து வைத்து, "சித்தப்பா, எது?" என்றேன். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்துபோய்க் கொடியில் கிடந்த அப்பாவின் பழைய கட்டம் போட்ட சட்டையை எடுத்துக்கொண்டார். "நல்ல நாளும் அதுவுமா பழசா?" என்றாள் அம்மா. விடுங்கம்மா என்றேன். நாள் முழுக்க அதிலேயே இருந்தார்.

வந்த சொந்தக்காரர்கள் எல்லாம், பாவம், அவருக்கு ஏன் புதுச்சட்டை எடுக்கவில்லை என்று அம்மாவைத்தான் கேட்டார்கள்.