தேடாமல் கிடைத்த ஒளி

புவியின் துருவ வானில் பச்சையும் சிவப்புமாய் அலைந்தாடும் துருவ ஒளி, வியாழனிலும் உண்டு. ஆற்றலில் அது புவியின் ஒளியைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆயினும் மண்ணில் நின்று அதனைக் காண்பது எளிதன்று. புவியிலிருந்து நோக்குவோர்க்கு வியாழன் எப்போதும் தன் பகற்பக்கத்தையே காட்டுகிறது. நண்பகலில் ஏற்றிய அகல்விளக்கு யார் கண்ணில் படும்?

1988ஆம் ஆண்டு, ஹவாய்த் தீவில் ஏறத்தாழ 4200 மீட்டர் உயர்ந்து நிற்கும் மௌனா கியா மலையுச்சியில், பியர் டிரோசார் என்பவரும் அவர்தம் குழுவினரும் வியாழனின் துருவத்தை அகச்சிவப்புக் கதிரில் ஆராய்ந்தனர். அவர்கள் தேடியவை ஹைட்ரஜன் மூலக்கூற்றின் நிறமாலைக் கோடுகள். அவற்றோடு இனந்தெரியாத கோடுகளும் பதிவாயின. கருவியின் பிழையென்று அவற்றை ஒதுக்கிவிடாதது நற்பேறு. மூன்று புரோட்டான்களும் இரண்டே எலக்ட்ரான்களும் கொண்ட அயனி ஒன்றின் கையெழுத்து அது! 1911இல் ஜே.ஜே. தாம்சன் ஆய்வகத்தில் கண்டறிந்த அவ்வயனியின் நிறமாலையை 1980இல் தகேஷி ஓகா அளந்திருந்தார். இலண்டனில் டென்னிசனும் மில்லரும் செய்த கணக்கீடுகள் அக்கோடுகளை இனங்காண உதவின. வானில் அவ்வயனி அறியப்பட்டது அதுவே முதன்முறை.

அவ்வயனி வலுவாய் ஒளிரும் 3.4 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய கதிர்களை வியாழனின் மீத்தேன் வாயு விழுங்கிவிடுகிறது. ஆதலின் பட்டப்பகலிலும் கோளின் உடல் இருண்டு கிடக்க, மீத்தேனுக்கு மேலே எழும் துருவ ஒளி மட்டும் சுடர்கிறது. நம் வளியிலுள்ள நீராவியும் அகச்சிவப்பை உறிஞ்சுவதால்தான் இத்தகைய வறண்ட மலையுச்சி வேண்டியதாயிற்று.

யுரேனஸின் கதை வேறு. அதன் மேல்வளியில் இவ்வயனி 1990களின் தொடக்கத்திலேயே காணப்பட்டது. அவ்வொளியில் துருவ ஒளியின் பங்கைப் பிரித்தறிவதே அரிதாயிருந்தது. 2006 செப்டம்பரில் அதே மலையின் கெக் தொலைநோக்கி பதிவுசெய்த தரவுகளை எம்மா தாமஸும் குழுவினரும் மீண்டும் ஆராய்ந்து, 2023இல் யுரேனஸின் அகச்சிவப்புத் துருவ ஒளியை உறுதிசெய்தனர். விடை 17 ஆண்டுகள் கோப்பிலேயே உறங்கியிருந்தது.

நெப்டியூனோ மலையுச்சியினருக்குப் பிடிகொடுக்கவேயில்லை. 2023இல் விண்வெளியிலிருந்து ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிதான் அதன் துருவ ஒளியைக் கண்டது. அப்போது காரணமும் புலப்பட்டது: 1989இல் வாயேஜர் 2 அளந்த காலத்தைவிட நெப்டியூனின் மேல்வளி வெகுவாகக் குளிர்ந்திருந்தது. குளிர்ந்த அயனி மங்கலாகவே ஒளிரும்.