கண்ணீர் அஞ்சலிக்குத் தங்க முலாம்

எனக்கு எழுத்து வரையத் தெரியாது. பிளெக்ஸ் டிசைனர் என்று போர்டு மாட்டிக்கொண்டு, த்ரீடி எழுத்து என்றால் இவரிடம்தான் போக வேண்டும் என்று ஊரில் பேரும் வாங்கிவிட்டு இதைச் சொல்வது அசிங்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பேரே இதை மறைக்கப் போய் வந்ததுதான்.

தொழில் ரகசியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பாமினி எழுத்துருவில் பெயரை அடித்து, கோரல் டிராவில் கர்வ் ஆக்கி, எக்ஸ்ட்ரூட்டைப் பிடித்து ஒரு இழு. எழுத்துக்குப் பின்னால் சுவர் எழும்பிவிடும். பிறகு போட்டோஷாப்பில் கொண்டுபோய் பெவல் அண்ட் எம்போஸ், மஞ்சளும் பழுப்புமாக ஒரு கிரேடியன்ட், வெளியே வெள்ளை ஸ்ட்ரோக், அதற்கும் வெளியே கறுப்பு நிழல். இத்தனையும் ஏறிய பிறகு உள்ளே இருக்கும் எழுத்து கோணலா நேரா என்று யார் பார்க்கப் போகிறார்கள்? எழுத்துக்கு எழுத்து இடைவெளி விடத் தெரியாத குறையை ஸ்ட்ரோக்கே அடைத்துவிடும்.

இப்படித் தடிமன் இழுப்பது ஆங்கிலப் பெரிய எழுத்துக்குப் பொருந்தும். 1959-ல் வந்த 'பென்-ஹர்' போஸ்டரில் தலைப்பையே மலைக்கல்லில் எழுப்பிய மாதிரி வைத்திருப்பார்கள். நேர்க்கோடுகள், அகலமான முகங்கள். கல்லின் கனத்தை அந்த எழுத்துகள் தாங்கிக்கொள்கின்றன. தமிழில் கதை வேறு. 'ண'வின் சுழிக்குள்ளேயே பக்கச்சுவர் விழுந்து ஓட்டையை அடைக்கும். 'ஞ', 'ஐ' எல்லாவற்றுக்கும் அதே கதி. ஆழத்தைக் கீழ்நோக்கி இழுத்தால் புள்ளியின் சுவர் நேரே இறங்கி எழுத்தின் தலையில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருந்த இடுக்கு போய்விட்டால், ரோட்டில் பைக்கில் போகிறவருக்கு 'க்' எது, 'க' எது?

இதற்கு வழி இருக்கிறது. ஆழத்தைக் குறைக்க வேண்டும், புள்ளியைக் கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும், நோடு நோடாக உட்கார்ந்து சுழியை அகட்ட வேண்டும். எனக்கும் தெரியும். செய்ததில்லை.

வெளிச்சத்திலும் இதே சோம்பேறித்தனம்தான். பழைய போட்டோஷாப்பில் ஒளிக்கோணம் தானாகவே 120 டிகிரியில் நிற்கும். அதாவது இடது மேல் பக்கத்திலிருந்து வெயில். கோரலில் நான் இழுத்த சுவருக்கோ வலது பக்கம் வெளிச்சம் விழுந்திருக்கும். பேனரில் சிரிக்கும் தலைவர் முகத்துக்கு ஸ்டுடியோ விளக்கு நேர் எதிரே. வரிக்கு வரி தனித்தனியாக எக்ஸ்ட்ரூட் செய்வதால், முதல் வரி ஒரு பக்கமாகவும் இரண்டாவது வரி இன்னொரு பக்கமாகவும் சரியும். எல்லா வரிக்கும் ஒரே மறையும் புள்ளியைக் கொடுக்கக் கோரலிலேயே வசதி இருக்கிறது, ஒரு கிளிக்கில் முடிகிற வேலை. தூரிகை பிடித்த போர்டு ஆர்ட்டிஸ்ட்கள் நூல் அடித்து, சாக்பீஸில் கோடு போட்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை நிழலை ஒரே பக்கம்தான் தீட்டுவார்கள். கம்ப்யூட்டர் வந்த புதிதில் அவர்களைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரு ராத்திரி துக்க வீட்டிலிருந்து ஆர்டர் வந்தது, விடிவதற்குள் வேண்டுமென்று. மெஷினில் திறந்திருந்தது காதணி விழா பைல். பூவை எடுத்தேன், பார்டரைக் கறுப்பாக்கினேன், பெயரை மாற்றினேன். லேயர் ஸ்டைலைத் தொடவில்லை. 'கண்ணீர் அஞ்சலி' தங்கமாகத் தகதகத்தது, எழுத்து நுனியில் மின்னும் நட்சத்திரம் உட்பட. இறந்தவரின் மகன் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "அப்பா பேரு சரியாத் தெரியலையேண்ணே" என்றார். "பிரிண்ட்ல நல்லா வரும் தம்பி" என்றேன். வராது. பிளெக்ஸில் மை பரவி இடுக்குகள் இன்னும் அடையும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவர் அழுது ஓய்ந்த நிலையில் இருந்தார். மேற்கொண்டு வாதாடமாட்டார் என்பதும் தெரியும்.

இதையெல்லாம் யாராவது குறை சொன்னால் என் பதில் தயாராக இருக்கும்: கஸ்டமர் கேட்கிறார், நான் என்ன செய்ய? சுத்தப் பொய். பாதிப் பேர் கேட்டதே இல்லை. புரூஃப் என்று நான் காட்டியதே அது ஒன்றைத்தான். தட்டையாக ஒரு பெயரை எழுதிக் காட்டினால், "இதுக்கா காசு?" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். நல்ல எழுத்தாக இருந்தால் கேட்கமாட்டார்கள். என்னிடம் நல்ல எழுத்து இல்லை.

இப்போது காலம் மாறிவிட்டது. சினிமாத் தலைப்புகளைப் பார்த்துவிட்டு, "த்ரீடி எல்லாம் வேண்டாம், கையில எழுதின மாதிரி சிம்பிளா இருக்கட்டும்" என்று கேட்டு வருகிறார்கள். அங்கேதான் மாட்டிக்கொள்கிறேன். போன மாதம் ஒரு ஸ்வீட் ஸ்டால்காரர் அப்படிக் கேட்டார். என் கடையில் வேலை பார்க்கும் பையன் பேப்பரில் பிரஷ்ஷால் எழுதி, ஸ்கேன் பண்ணிக் கொடுத்தான். அழகான 'ழ'. ஸ்வீட் ஸ்டால்காரர் என் கையைப் பிடித்துப் பாராட்டினார். நான்தான் எழுதினேன் என்று அவரிடம் சொல்லவில்லை. பையன் எழுதியது என்றும் சொல்லவில்லை.