சாப்பாட்டு நேரம்

மூலக்கொத்தளத்தில் வசிக்கும் என் நண்பருக்கு, கம்பெனி அதிகாரிகளுக்குத் தலைமைப் பண்பு கற்பிப்பது தொழில். இருபது வருஷமாயிற்று.

"செய்கிற வேலையில் ஓர் அர்த்தம் வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறேன், ஸார். என் வேலைக்கு என்ன அர்த்தம்? விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார்.

பக்கத்துப் பெரம்பூரின் பழங்கதையைச் சொன்னேன். செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும் அங்கே ஒரு பக்தி சபை நடத்தினார்கள். ஆலைத் தொழிலாளிகள் வருவார்கள். பகவானைக் கேட்க வந்தவர்கள், சாப்பிட நேரம் போதவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்கள். இருவரும் அதைக் காது கொடுத்துக் கேட்டார்கள், பி. பி. வாடியாவிடம் போனார்கள். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வாடியா அதன் தலைவரானார்.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. "இதுவரை எந்தத் தொழிலாளியோடும் உட்கார்ந்து நான் சாப்பிட்டதில்லை, ஸார்" என்றார்.

வேலையை அவர் விடவில்லை. இப்போது டிபன் காரியரோடு போகிறார்.