செங்கடலுக்குப் போகிறேன், செந்துறையிலிருந்து

 

டிசம்பர் விடுமுறையில் நாங்கள் எகிப்து போகப்போகிற செய்தி எப்படியோ குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கசிந்துவிட்டது. அதிலிருந்து போன் மேல் போன். "டீச்சர், பிரமிடு பார்க்கவா?" என்கிறார்கள் பிள்ளைகள். "காசி, ராமேஸ்வரம் போற வயசுல கடலுக்குள்ள குதிக்கப் போறியாமே?" என்கிறார் என் பெரிய நாத்தனார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதில்லை.

விஷயம் இதுதான். துபாயில் இருக்கும் மகன், மருமகள், பேரன், பேத்தி, இங்கிருந்து நானும் வீட்டுக்காரரும். ஆக ஆறு பேர். எகிப்தின் செங்கடல் கரையில் ஹுர்கதா என்ற ஊரில் இறங்கி, அங்கிருந்து தெற்கே சுமார் 140 கிலோமீட்டர் தள்ளி குசைர் என்ற சின்னத் துறைமுக ஊரில் ஒரு வாரம் தங்குவதாகத் திட்டம். ஒரு பக்கம் மொட்டைப் பாலைவனம், மறு பக்கம் கடல். கரையிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தாலே பவளப்பாறை. முதுகில் காற்றுக் குடுவை கட்டிக்கொண்டு உள்ளே இறங்கிப் பார்க்கலாம். இதைத்தான் ஸ்கூபா என்கிறார்கள்.

"பவளப்பாறை பார்க்க எகிப்துக்கா போகணும்? நம்ம தூத்துக்குடியிலும் மண்டபத்திலும் இல்லையா?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி இருக்கிறது. 1986இல் அது கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மண்டபம் பக்கம் கண்ணாடி அடிப் படகில் நானும் போயிருக்கிறேன். தண்ணீர் கலங்கலாக இருந்ததால் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை.

செங்கடல் ஏன் தெளிவாக இருக்கிறது தெரியுமா? வற்றாத ஆறு ஒன்றுகூட அதில் வந்து கலப்பதில்லை. மழையும் அபூர்வம். வண்டலைக் கொண்டுவந்து கொட்ட ஆள் இல்லாததால் வெளிச்சம் ஆழம் வரை போகிறது. பவளத்துக்குள் குடியிருக்கும் நுண்பாசிக்கு அந்த வெளிச்சம்தான் சோறு. கரையில் புல் பூண்டு முளைக்காத அதே காரணத்தால் கடலுக்குள் தோட்டம் தழைத்திருக்கிறது. மழை இல்லை, வெயில் அதிகம் என்பதால் உப்பும் அதிகம். சாதாரணக் கடலில் லிட்டருக்கு 35 கிராம் என்றால் அங்கே சுமார் 40 கிராம். உப்பு கூடினால் அடர்த்தி கூடும், அடர்த்தி கூடினால்? முட்டையும் உப்புத் தண்ணீரும் வைத்து நாம் செய்த சோதனை நினைவிருக்கிறதா? அந்த முட்டை இப்போது நான்தான்.

ஆனால் குசைரை நான் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வேறு.

அந்த ஊருக்கு வடக்கே சுமார் 8 கிலோமீட்டரில் குசைர் அல்-காதிம் என்ற மண்மேடு இருக்கிறது. "பழைய குசைர்" என்று அர்த்தம். ரோமானியர் காலத்து மியோஸ் ஹோர்மோஸ் துறைமுகம் அதுதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தத் துறையிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் இந்தியாவுக்குப் போனதாக ஸ்ட்ராபோ எழுதிவைத்திருக்கிறார். ஆடி மாதக் காற்றைப் பிடித்து வருவார்கள், நம் முசிறியில் மிளகு ஏற்றுவார்கள், மார்கழி வாக்கில் காற்றுத் திரும்பியதும் கிளம்புவார்கள். அங்கே தோண்டியபோது தமிழ் பிராமி எழுத்துள்ள பானை ஓடுகள் கிடைத்தன. கணன், சாதன் என்று இரண்டு பெயர்கள் முதலில் வந்தன. பிறகு கிடைத்த ஓர் ஓட்டில் இருந்த சொற்களை ஐராவதம் மகாதேவன் அவர்கள் படித்தார்கள். 2007இல் செய்தி வந்தது. அதில் எழுதியிருந்தது: "பானை ஒறி".

செய்தித்தாளில் அதைப் படித்த அன்று நான் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. ஒறி! என் அம்மா வீட்டு அடுப்பங்கரையில் உத்தரத்திலிருந்து தொங்கும். அதில் தயிர்ப்பானை இருக்கும். பூனைக்கும் எட்டாது, எங்களுக்கும் எட்டாது. "ஒறியில இருக்கறதத் தொட்ட, கைய ஒடிச்சிருவேன்" என்பார் அம்மா. புத்தகத்தில் "உறி" என்று எழுதிவிட்டு வாயால் "ஒறி" என்று சொன்ன பிள்ளைகளை நானே எத்தனை பேரைத் திருத்தியிருக்கிறேன்! 2000 ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்துபோன ஒருவர், நம் வீட்டுப் பேச்சு எப்படியோ அப்படியே பானையில் கீறிவைத்திருக்கிறார். பெயர் தெரியாத அந்த மனிதர் நின்ற கரையில் ஒரு நாள் நிற்க வேண்டும் என்று அன்றே நினைத்தேன். மகனிடம் நான் போட்ட ஒரே நிபந்தனை அந்த மண்மேட்டை வெளியில் நின்றாவது பார்க்க வேண்டும் என்பதுதான். பேரப்பிள்ளைகளுக்கு மீன், எனக்குப் பானை.

இனி கடலுக்குள் இறங்கும் விஷயத்துக்கு வருகிறேன். இதில்தான் வீட்டில் ஒரு மாதம் பேச்சுவார்த்தை.

நீச்சல் எனக்குத் தெரியும். எட்டு வயதில் அப்பா இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி எங்கள் முந்திரிக்கொல்லைக் கிணற்றில் தள்ளிவிட்டார். பெண் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்டவர்களிடம், "தண்ணிக்கு ஆம்பள பொம்பள தெரியுமா?" என்றார். அந்தத் தைரியத்தில், நானும் பேரனோடு குடுவை கட்டி இறங்குவேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல்முறை இறங்குபவர்களைப் பயிற்சியாளர் கையைப் பிடித்தே கூட்டிப்போவார். அதிகபட்சம் 12 மீட்டர். பத்து வயது முடிந்தவர்களுக்கு அனுமதி உண்டு. பேரனுக்குப் பதினொன்று. ஆனால் அதற்கு முன் ஓர் உடல்நலப் படிவம் நிரப்ப வேண்டும். இரத்த அழுத்தம் உண்டா, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறீர்களா, இதயம், ஆஸ்துமா, காது என்று வரிசையாகக் கேள்விகள். ஒன்றுக்கு "ஆம்" என்றாலும் மருத்துவர் கையெழுத்து வேண்டும். எனக்கு இரண்டு "ஆம்".

மகன் வீடியோ காலில் சொன்னான்: "எல்லாத்துக்கும் இல்லைன்னு டிக் பண்ணிடுங்கம்மா. அங்க யாரும் பார்க்க மாட்டாங்க. நம்பிக்கையா இறங்கலாம்."

பக்கத்தில் பேரன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, 34 வருஷம் பிள்ளைங்ககிட்ட தெரியலன்னா தெரியலன்னு எழுது, பொய் எழுதாதேன்னு சொன்னவ நான். அந்தப் படிவம் அவனுங்களுக்கு இல்ல, எனக்கு" என்றேன்.

இது நேர்மை பற்றிய பேச்சு மட்டுமில்லை. அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஊதிய பலூனை 10 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோனால் பாதியாகச் சுருங்கும். மறுபடி மேலே கொண்டுவந்தால் பழைய அளவுக்கு விரியும். ஆழத்தில் குடுவைக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரல்தான் அந்தப் பலூன். பாயில் விதி தேர்வில் மூன்று மதிப்பெண், தண்ணீருக்குள் உயிர். உள்ளே ஒருவருக்கு நெஞ்சு அடைத்தாலோ தலை சுற்றினாலோ சட்டென்று மேலே கூட்டிவர முடியாது. அப்போது கூட இருக்கும் பயிற்சியாளர் என்ன செய்வார்? பக்கத்தில் இருக்கும் குழந்தை என்ன செய்யும்? படிவத்தில் நான் எழுதும் ஒரு பொய்க்கு அவர்களும் சேர்ந்து விலை கொடுக்க வேண்டும்.

திருச்சியில் எனக்கு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடம் படிவத்தைக் காட்டினேன். ஈ.சி.ஜி., டிரெட்மில், காது எல்லாம் பார்த்தார். "டீச்சர், நீங்க ஆரோக்கியமாத்தான் இருக்கீங்க. ஆனா குடுவை கட்டி இறங்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். மேலாக மிதந்து பாருங்க, எவ்வளவு நேரம் வேணும்னாலும்" என்றார். பேருந்தில் வரும்போது மனசு கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது. பவளம் என்பது கல்லும் இல்லை, செடியும் இல்லை, உயிருள்ள சிறு பிராணிகள் கட்டிய வீடு என்று எத்தனை வகுப்புக்கு நடத்தியிருக்கிறேன்! பக்கத்தில் போய்ப் பார்க்க ஆசை இருக்காதா? ஜெயங்கொண்டம் பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் மகனுக்குச் செய்தி அனுப்பினேன்: "எனக்குக் கண்ணாடியும் மூச்சுக்குழலும் போதும்." அவன் பதிலுக்கு இரண்டு கைகூப்பும் படம் அனுப்பினான்.

பேரன் இறங்குவான். அதற்கு நான் எழுதி அனுப்பியிருக்கும் விதிகள் இவை. வெளிநாட்டில் இருக்கும் என் மாணவர்கள் பலர் ஃபுஜைராவிலும் மஸ்கட்டிலும் இப்படி இறங்குவதாகப் படம் போடுகிறீர்கள். நீங்களும் படியுங்கள்.

1. சளி, காது அடைப்பு இருந்தால் அன்று கிடையாது. கட்டிய பணம் போனால் போகட்டும்.

2. இறங்கும்போது மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறந்துகொண்டே இறங்க வேண்டும். வலித்தால் சைகை காட்டி நின்றுவிட வேண்டும். வலியைப் பொறுப்பது வீரம் இல்லை.

3. மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது. மேலே வரும்போது நம் மூச்சுக் குமிழிகளை முந்தக் கூடாது.

4. ஒரு பயிற்சியாளருக்கு ஒரு குழந்தை. "கூட்டமாப் போறோம், பார்த்துக்கலாம்" என்பதெல்லாம் வேண்டாம்.

5. கடைசி முறை இறங்கியதற்கும் விமானம் ஏறுவதற்கும் இடையே ஒரு முழு நாள். பல முறை இறங்கியவர்கள் 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும் என்பது விதி. சோடா பாட்டிலை ஆட்டிவிட்டு மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? இரத்தத்தில் கரைந்த நைட்ரஜனும் அப்படித்தான். கடைசி நாளை பானை ஓட்டு மேட்டுக்கு ஒதுக்கியதும் இதனால்தான்.

6. எதையும் தொடக் கூடாது. கல்லைப் போலவே கிடக்கும் கல்மீனுக்கு விஷமுள் உண்டு. நம் கை பட்டால் பவளமும் சாகும். சங்கு, பவளம் எதையும் எகிப்திலிருந்து எடுத்துவருவது சட்டப்படி குற்றம்.

7. படகிலேயே தங்கும் பயணம் வேண்டாம். 2024 நவம்பரில் மார்சா ஆலம் பக்கம் ஒரு சுற்றுலாப் படகு மூழ்கியது. 2025 மார்ச்சில் ஹுர்கதாவில் சுற்றுலா நீர்மூழ்கி ஒன்று மூழ்கி ஆறு பேர் இறந்தார்கள். கரையிலிருந்தே நடந்து இறங்கும் இடமாகப் பார்த்துத்தான் குசைரில் அறை போட்டிருக்கிறோம்.

செலவைப் பற்றியும் சிலர் சுற்றி வளைத்துக் கேட்டீர்கள். நேராகவே சொல்கிறேன். எங்கள் இருவர் டிக்கெட் என் பணம். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்பில் போட்டதற்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் வட்டியை இரண்டு வருடமாகத் தொடாமல் வைத்திருந்தேன். அசலைத் தொடவில்லை. வீட்டுக்காரருக்குத் தண்ணீர் ஆகாது. நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டு செருப்பு, துண்டுகளைக் காவல் காப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். உடை பற்றிக் கேட்ட அக்காக்களுக்கு: டிசம்பரில் தண்ணீர் குளிரும், கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் ரப்பர் உடைதான் எல்லோருக்கும். நம் புடவையைவிட அதிகமாகவே மூடும்.

பேரப்பிள்ளைகள் அங்கே போகும் முன் இங்கே பத்து நாள் வருகிறார்கள். அவர்களுக்கு முதலில் நம் ஊர்க் கடலைக் காட்டப் போகிறேன். சிரிக்காதீர்கள். 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கமெல்லாம் கடல்தான். செந்துறைக்குப் பக்கத்து நின்னியூர் பெயரிலேயே ஒரு பாறை அடுக்கு உலகப் புத்தகங்களில் இருக்கிறது. 1860களிலேயே வெள்ளைக்காரப் புவியியலாளர்கள் இங்கே வந்து படித்து எழுதிவைத்தார்கள். கல்லக்குறிச்சி அல்ல, நம் கல்லங்குறிச்சி! அங்கே கல்லாகிப்போன சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடக்கும். டால்மியாபுரம் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லில் பவளமே இருக்கிறது. சிமெண்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போவது அந்தக் கடலின் மிச்சம்தான். வாரணவாசி அருங்காட்சியகத்தில் நத்தைச் சுருள் மாதிரி இருக்கும் அம்மோனைட்டைப் பார்த்துவிட்டுப் போனால், செங்கடலில் உயிரோடு இருப்பதைப் பார்க்கும்போது பிள்ளைகளுக்கு ஒரு கணக்குப் பிடிபடும்: இன்றைக்குக் கடல், நாளைக்குக் கல்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது ஊரில் இருக்கும் உங்களுக்கு. கொள்ளிடத்திலும் ஏரியிலும் குளிக்கப்போன பிள்ளைகள் திரும்பி வராத செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. நான் வேலை பார்த்த காலத்தில் வருகைப் பதிவேட்டில் அப்படி ஒரு பெயரின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறேன். அந்தக் கோடு போட்ட கை இது. கிணறுகளெல்லாம் தூர்ந்துபோய், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல், நம் பிள்ளைகள் தண்ணீரைக் கண்டால் ஒன்று பயப்படுகிறார்கள், இல்லை கண்மூடிக் குதிக்கிறார்கள். சித்திரை விடுமுறைக்கு உங்களில் நீச்சல் தெரிந்த நான்கு பேர் நேரம் ஒதுக்க முடியுமா? கயிறு, லாரி டியூப், பெரியவர்கள் இருவர் கரையில் காவல். ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி நேரம். பெண் பிள்ளைகள் நேரத்துக்கு நானே கரையில் உட்காருகிறேன். முடிந்தவர்கள் பொங்கலுக்குள் எனக்குச் சொல்லுங்கள், இடம் பார்த்துவிடலாம்.

ஜனவரி முதல் வாரம் ஊர் திரும்புகிறோம். படங்கள் போடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
செந்துறை