தலையில் கட்டுதல்

ஆங்கிலப் பேச்சு வழக்கில் சில தொடர்கள் உள. அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் பொருள் கொள்வோரை அவை ஏமாற்றிவிடும். 'பாஸ் தி பக்' என்பது அவற்றுள் ஒன்று. 'பக்' என்றால் ஆண்மான். அமெரிக்கர் பேச்சில் டாலர். இங்கு இரண்டும் பொருந்தா. தன் பொறுப்பைப் பிறர்மேல் தள்ளிவிடுதல் என்பதே இத்தொடரின் பொருள். நாம் 'தலையில் கட்டுதல்' என்கிறோம்.

இது பிறந்த இடம் சூதாட்ட மேசை. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் போக்கர் ஆடியோர், அடுத்துச் சீட்டுப் போட வேண்டியவர் முன் ஓர் அடையாளப் பொருளை வைத்தனர். அதுவே 'பக்'. மான்கொம்புப் பிடியுடைய கத்தியை வைத்தமையால் அப்பெயர் வந்தது என்பர். சீட்டுப் போட விரும்பாதவர் அதனை அடுத்தவரிடம் நகர்த்திவிடலாம். ஆட்டத்தில் அது குற்றமன்று. அரசியலிலும் அலுவலகத்திலும் புகுந்த பின்னரே இத்தொடரில் பழி ஏறியது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமனுக்கு 1945இல் ஒரு சிறு பலகை பரிசாக வந்தது. ஒக்லஹோமாவில் ஒரு சிறைச்சாலையில் செய்யப்பட்டது அது. 'பக்' இம்மேசையோடு நின்றுவிடும் என்பது அதன் வாசகம். 1953 சனவரியில் நிகழ்த்திய விடைபெறும் உரையிலும், முடிவெடுக்கும் கடமையைத் தலைவர் எவரிடமும் தள்ளிவிட இயலாது என்றே அவர் கூறினார்.

தில்லியில் அரசு அலுவலகம் ஒன்றில் நான் பணியாற்றிய காலத்தில் இத்தொடரைத் தேநீர் வேளையில் கேளாத நாளில்லை. ஆனால் கோப்பில் எவரும் அதனை எழுதார். அங்கே 'தங்கள் மேலான கருத்துக்காக', 'தக்க நடவடிக்கைக்காக' என்னும் பணிவான தொடர்களே அதன் வேலையைச் செய்தன.

கடைநிலை ஊழியர் ஒருவர் காலமானார். அவர் பெயர் பணிப் பதிவேட்டில் ஒருவிதமாகவும் பிற தாள்களில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருந்தது. அவருடைய மனைவியின் குடும்ப ஓய்வூதியக் கோப்பு, நிர்வாகப் பிரிவுக்கும் கணக்குப் பிரிவுக்கும் இடையே ஏழு திங்கள் அலைந்தது. அவ்வம்மையார் திங்கள்தோறும் வந்து தாழ்வாரத்தில் நின்று திரும்புவார். ஓய்வு பெறும் தறுவாயிலிருந்த பிரிவு அலுவலர் ஒருவர், ஒருநாள் அக்கோப்பை முதலிலிருந்து இறுதிவரை படித்தார். பிறந்த நாள், தந்தை பெயர், கைநாட்டு ஆகியவற்றை ஒப்பிட்டார். "இருவரும் ஒருவரே என நான் மனநிறைவுற்றேன், ஓய்வூதியம் வழங்கலாம்" என்று எழுதி மேலதிகாரிக்கு அனுப்பினார். மறுநாளே ஒப்பம் கிடைத்தது.

அவரும் கோப்பை வேறொரு மேசைக்கே அனுப்பினார். ஆயினும் அதனைத் 'தள்ளிவிட்டார்' என்று எவரும் சொல்லார். தம் முடிவை அதன்மேல் எழுதி, கீழே தம் பெயரையும் இட்டு அனுப்பினார். தள்ளிவிடுதலுக்கும் ஒப்படைத்தலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. எவர் எச்செயலை முடிக்க வல்லார் என ஆராய்ந்து அவரிடம் விடுமாறு 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தில் வள்ளுவர் கூறுவது ஒப்படைத்தலை. ஆராயாமல் நகர்த்துவது சூதாட்டக்காரர் வழி.

பொறுப்பு என்னும் நம் சொல், 'பொறு' என்னும் வினையடியாகப் பிறந்தது. பொறுத்தலாவது சுமத்தல். கோப்பு எத்தனை மேசைகளுக்கும் செல்லட்டும். ஒவ்வொருவரும் தம் பங்குச் சுமையைச் சுமந்த பின்னர்ச் செல்லட்டும். தாழ்வாரத்தில் ஒருவர் காத்து நிற்கிறார்.