மூன்றாம் செம்பு

மாலை 6 மணிக்கு என் போனில் அலாரம் இன்னும் அடிக்கிறது. அதை எடுத்துவிட மனம் வரவில்லை. அக்கா மகன் நாகப்பட்டினத்திலிருந்து கோடியக்கரையைச் சுற்றிப் பாம்பன் வரை கயாக்கில் போன நாட்களில் வைத்த அலாரம் அது. “துடுப்பை நான் பாத்துக்கிறேன் சித்தி, கரையை நீங்க பாத்துக்குங்க” என்று சொல்லி ஒரு நோட்டைக் கொடுத்தான்.

கரையைப் பார்ப்பது கணக்கில்தான் தொடங்கியது. ஒரு நாளைக்கு 5 லிட்டர் தண்ணீர் என்றால் மூன்று நாளைக்கு 15 கிலோ. அதை இருக்கைக்குப் பின்னால், படகின் அடியோடு அடியாக வைத்தால்தான் ஆட்டம் குறையும். அவல், வேர்க்கடலை, கருப்பட்டி எல்லாவற்றையும் நாள்வாரியாகப் பொட்டலம் கட்டினோம். வாடை அடங்கிய மாசியில் கிளம்புவது, வெயில் ஏறிக் கடற்காற்று வலுக்குமுன் கரை பிடிப்பது என்று முடிவானது. முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக் காடும் சேறும். நினைத்த இடத்தில் ஏற முடியாது. அனுமதி இல்லாமல் சாட்டிலைட் போனும் வைத்துக்கொள்ளக் கூடாது. அதனால் கரையோர ஊர்களில் தெரிந்த மீனவர்களின் எண்களை வரிசையாக எழுதி வைத்தோம்.

பொட்டலம் கட்டும்போதுதான் ஆஸ்கர் ஸ்பெக் கதையைச் சொன்னான். 1932-ல் ஜெர்மனியின் உல்ம் நகரில், டான்யூப் ஆற்றில் மடக்குப் படகை இறக்கியவர். இலங்கையையும் நம் கீழைக்கரையையும் கடந்து, 1939-ல் ஆஸ்திரேலியாவின் சைபாய் தீவில் ஏறினார். அதற்குள் போர் தொடங்கிவிட்டதால் முகாமில் அடைத்தார்கள். ஏழு ஆண்டு அவருக்குச் சோறும் தண்ணீரும் கொடுத்த கரைகள் எத்தனை, கைகள் எத்தனை என்றுதான் என் மனசு போயிற்று.

அவன் சொல்லாத கதை ஒன்றை நானே படித்தேன். ஆண்ட்ரூ மெக்காலே 2007 ஜனவரியில் டாஸ்மேனியாவிலிருந்து நியூசிலாந்துக்குத் தனியாகக் கயாக்கில் புறப்பட்டார். சுமார் 1,600 கிலோமீட்டர் கடல். இரவில் உடம்பை உள்ளே இழுத்து, மேலே ஒரு கூண்டை மூடிக்கொண்டு தூங்கினார். மில்ஃபோர்டு சவுண்டில் மனைவியும் சின்ன மகனும் காத்திருந்தார்கள். பிப்ரவரி 9 அன்று ரேடியோவில் அவர் குரல் கேட்டது. மறுநாள் படகு கிடைத்தது, அவர் கிடைக்கவில்லை. அதைப் படித்த இரவு நோட்டை எடுத்து என் பக்கத்து விதிகளை இன்னும் அழுத்தி எழுதினேன். 6 மணிக்குச் சேதி வர வேண்டும். 7 ஆனால் அடுத்த ஊர் மீனவருக்குப் போன். 8 ஆனால் கடலோரக் காவல்படையின் 1554.

கோடியக்கரை முனை திரும்பிய நாள் 6 மணிக்குச் சேதி வரவில்லை. 7-க்கு எண்ணை அழுத்தினேன். “இன்னும் காணலம்மா, நீவாடு இழுப்பா இருக்கு, பசங்கள அனுப்புறேன்” என்றார் அந்தப் பெரியவர். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். 1554 என்று எழுதிய இடத்தில் என் விரல் வியர்த்து மை கலங்கியிருந்தது. 7.40-க்குத் தெரியாத எண்ணிலிருந்து போன். “உங்க புள்ள எங்க கரையிலதான் இருக்காரு. போன் நனஞ்சு போச்சு. இப்பத்தான் கஞ்சி குடிக்கிறாரு.”

அந்த ராத்திரி ஆயா ஞாபகம் வந்தது. தாத்தாவின் கட்டுமரம் கரையேறும் வரை உலையில் அரிசி போட மாட்டாள். வெறும் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். வற்ற வற்ற ஒரு செம்பு ஊற்றுவாள். எங்களுக்கோ பசி, அரிசியைப் போடேன் என்று அழுவோம். காதில் வாங்க மாட்டாள். மூன்றாம் செம்பு ஊற்றியதும் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்து, பக்கத்து வீட்டு மாமாவை மரம் தள்ளச் சொல்வாள். அப்போது ஆயாவின் பிடிவாதம் என்று நினைத்தேன். ஆயாவிடம் கடிகாரம் இல்லை, நோட்டு இல்லை. எத்தனை நேரம் காத்திருப்பது, எப்போது எழுந்துவிட வேண்டும் என்பதை அந்தச் செம்பில் அளந்து வைத்திருந்தாள்.

பாம்பன் போய்ச் சேர்ந்து, படகைக் கழுவிக் கவிழ்த்து, அவன் வேலைக்கும் திரும்பிவிட்டான். இன்றும் 6 மணிக்கு அலாரம் அடித்தது. “வீட்டுக்கு வந்துட்டேன் சித்தி” என்று அவனிடமிருந்து சேதி. எழுந்து போய் உலையில் அரிசியைப் போட்டேன்.